சேற்றோடு நின்ற கார்

எங்கள் அப்பா கார் வைத்திருந்தார் என்று சொன்னால் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வாடகைக்கு ஓடிய கார். அடையாறிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தி. நகருக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் என்று அப்பாவுக்கு வாடிக்கை உண்டு. வேளச்சேரியில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தக் கார் ஓடியதால்தான்.

ஒரு முறை மேற்கு மாம்பலத்துச் சந்தில் வண்டியைத் திருப்பும்போது பின்பக்க பம்பர் உடைந்தது. அப்பா பேசாமல் கைக்காசில் மாற்றியிருப்பார். சித்தப்பா விடவில்லை. ஊருக்கெல்லாம் யோசனை சொல்வதற்கென்றே பிறந்தவர் அவர். "இன்னாண்ணா நீ, வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்டிக்கினே கீற. ஒரு தபாவாவது திருப்பி வாங்க வேணாமா?"

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்த்து மதிப்புப் போட சர்வேயர் வந்தார். அவர் வந்து பார்க்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது, துடைக்கவும் கூடாது என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். புது பம்பர் வந்ததும் சித்தப்பா சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார். வீட்டில் அன்று பண்டிகைதான்.

பாலிசியைப் புதுப்பிக்கப் போனபோது அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. பல வருடம் கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகக் கொடுத்துவந்த தள்ளுபடி மொத்தமும் போய்விட்டது. பம்பருக்குக் கிடைத்ததைவிட பிரீமியத்தில் ஏறியது அதிகம். நம் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் மட்டும் பணம் தரும், பிரீமியம் குறைந்த பாலிசி ஒன்று உண்டு. நம் வண்டிக்கு எது வந்தாலும் அதில் சல்லிக்காசு கிடைக்காது. அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் "கட்டியாச்சு" என்று மட்டும் சொன்னார். இதெல்லாம் வெகு காலம் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. சித்தப்பா மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை.

அந்த வருட மழையில் தண்ணீர் தெருவுக்குள் புகுந்து காரின் கூரைவரை ஏறியது. வடிந்தபோது என்ஜின், சீட் எல்லாம் சேறு. அப்பா பானெட்டின் மேல் கை வைத்தபடி நின்றார். நான் கழுவுவதற்கு வாளியோடு ஓடினேன். அம்மா பிடித்து இழுத்தாள்.

"தொடாதடி! சர்வேயர் வந்து பாக்க வேணாமா?" அப்பாவிடம் திரும்பி, "நீ ஏன் இடிஞ்சி போய் நிக்கிற? அதான் இன்சூரன்ஸ் கீதே" என்றாள்.

அப்பா பானெட்டிலிருந்து கையை எடுத்தார். என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தெருவில் எல்லோரும் வண்டிகளைக் கழுவிவிட்டார்கள். எங்கள் கார் மட்டும் சேறு காய்ந்து வெடித்து நின்றது. நாற்றம் தாங்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் வந்தபோது, "ஆபீசர் வரணுங்க" என்று அம்மா கெத்தாகச் சொன்னாள். தினமும் சர்வேயருக்குக் காபி போடவென்று ஒரு டம்ளர் பாலைத் தனியாக எடுத்து வைத்தாள். சேற்றில் விரலால் பெயர் எழுத வந்த பையன்களை நான் விரட்டியடித்தேன். அப்பா காலையில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார். அடுத்தவர் வண்டிக்கு டிரைவர் வேலை தேடித்தான் போனாராம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அப்பா காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்வேயர் வந்துட்டாராப்பா?"

"வந்துட்டுப் போய்ட்டாரும்மா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் குதித்தேன். அம்மா எழுந்தாள். உள்ளே போய் அந்தப் பாலை எடுத்து வந்து, "நீ குடிச்சிடு" என்று என் கையில் கொடுத்தாள். சந்தோஷமாகக் குடித்தேன். அவ்வளவு தூரம் வந்த மனிதர் ஏன் காபிகூடக் குடிக்காமல் போனார் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரியவில்லை.