பஸ்ரா உறையும் கிள்ளான் பொன்னம்மாவும்

பழைய பசையும் கற்பூரப் புகையும் செத்த கரப்பானும் கலந்த ஒரு வாடை முதலில் வந்தது. பிறகுதான் உறை கண்ணில் பட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே "குவாட்டர்ஸில்" எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதன் பின்பலகையைக் கழற்ற, பலகைக்கும் படத்துக்கும் நடுவில் பழுப்பேறிய உறை ஒன்று நசுங்கிக் கிடந்தது. உள்ளே கடிதம் இல்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை. மூலையில் ஒட்டியிருந்த தபால்தலையைப் பார்த்ததுமே எனக்குக் கைகால் ஓடவில்லை.

அதற்குப் பதினோரு வயதில் நான் முழுத் தபால்தலைப் பைத்தியமாக இருந்ததுதான் காரணம். தாடி வைத்த ராஜாவின் தலைக்குக் கீழே ஐ.இ.எப். என்று மூன்று எழுத்துகள் கறுப்பாக அச்சாகியிருந்தன. ஓரத்துப் பற்களை மூன்று முறை எண்ணினேன், ஒன்றுகூட உடையவில்லை. தபால்தலையை ஊறவைத்துப் பிரிக்கக் கிண்ணத்தில் தண்ணீர் எடுக்க ஓடியவனைச் சித்தப்பா சட்டையைப் பிடித்து நிறுத்தினார். சேகரிப்பில் எனக்கு முன்னோடி அவர்தான்.

"டேய், தண்ணியில போட்டியோ, தொலைச்சேன் உன்னை! இது யுத்தத்துல இந்தியப் பட்டாளத்தோட போனவங்க ஒட்டுன தலை. உறையோட இருந்தாத்தான் மதிப்பு."

கடல் தாண்டி, பஸ்ரா பக்கத்துப் போர்முனையிலிருந்து வந்திருக்கும் என்றார். தணிக்கை அதிகாரியின் முத்திரையையும் காட்டினார். நான் குதித்த குதியில் பலகைத் தரை அதிர்ந்தது. ஆனால் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல், உறையில் ஆங்கிலத்தில் இருந்த முகவரியை வாசித்தார்: பொன்னம்மா, ரயில்வே கூலி லயம், கிள்ளான். படத்தையும் அவர் கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில்தான் வாங்கியிருந்தார்.

"ஆள் இருந்தா குடுத்துடணும். இல்லேன்னா நீயே வச்சுக்க," என்றார்.

அடுத்த ஞாயிறு சித்தப்பாவும் அக்காவும் நானும் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். பொன்னம்மா கிடைக்கக் கூடாது என்று வழியிலிருந்த எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டேன். மழை வந்து உறை நனையுமோ, கூட்டத்தில் மடங்குமோ என்ற கவலை வேறு. இந்தக் கவலைப்படும் குணம் எனக்கு அப்போதே இருந்தது.

முதல் உலக யுத்தம் முடிந்து பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. புருஷன் கடிதம் போட்ட பெண் என்றால் வயதானவளாகத்தான் இருப்பாள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, "வயசான பொன்னம்மா இங்க இருக்காங்களா?" என்று லயத்தின் வரிசையில் வீடு வீடாகக் கேட்டோம். கிடைத்த ஒவ்வொரு "இல்லை"யையும் நான் விரல் மடக்கி எண்ணினேன். ஒன்பதாவது "இல்லை" வந்தபோது உறை ஏறக்குறைய என்னுடையதாகிவிட்டிருந்தது.

கடைசியாகத் தண்ணீர்க் குழாயடியில், இடுப்பில் குழந்தையோடு துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

"வயசான பொன்னம்மாவா? இந்த லயத்துல பொன்னம்மான்னா நான் ஒருத்திதான். எனக்கென்ன நரையா விழுந்திருக்கு?"

குழாயடிப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா அசடு வழிந்தார்.

"இல்லம்மா, இது யுத்தகாலத்துக் கடுதாசி உறை. பஸ்ராவுலேருந்து வந்தது. ஒரு பழைய முருகன் படத்துக்குப் பின்னால கிடைச்சது. அப்ப நீ..."

"தொட்டில்ல கிடந்தேன்." அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கப்பாரு இந்தியாவுக்கு, ஊரைப் பாக்கப் போன இடத்துல, தண்டவாளம் போட ஆள் எடுக்குறாங்கன்னு பஸ்ராவுக்குப் போனாரு. திரும்பல. பொண்டாட்டி பேரப் போட்டா, தபால் குடுக்குற ஆபீஸ் கிராணி எல்லார் முன்னாலயும் உரக்கக் கூப்பிடுவாருன்னு, கடுதாசிய என் பேருக்குத்தான் போடுவாராம். அம்மா சொல்லும். என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்லுதுன்னு இருந்தேன்."

எங்கள் மூவரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அம்மாவின் பெயரை அப்பா வாயால் நான் மட்டும் கேட்டிருக்கிறேனா என்ன?

"அம்மா செத்தப்ப சாமி படத்தக்கூட வித்தோம். அதுக்குப் பின்னாலயா வச்சிருந்துச்சு?" என்றாள். ஈரக் கையை முந்தானையில் இருபக்கமும் துடைத்து, உறையை வாங்கினாள். என் முகத்தைப் பார்த்தவளுக்கு என்ன புரிந்ததோ, "இந்தத் தாடிக்கார ராசா எனக்கெதுக்கு தம்பி? பிச்சுத் தரேன், வச்சுக்க," என்று தபால்தலையின் மூலையில் நகத்தை வைத்தாள்.

"வேணாங்க்கா! பிய்க்காதீங்க!" கத்தியது நான்தான். தபால் முத்திரை பாதி தபால்தலையிலும் பாதி உறையிலுமாக விழுந்திருந்தது. பிய்த்தால் எங்கிருந்து வந்தது என்பதே இரண்டாகிவிடும். "முழுசா இருக்கணும். அப்படியே வச்சுக்குங்க."

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது தங்கச்சி. இதுல நான் எங்க இருக்கேன்?"

அக்கா அவள் விரலைப் பிடித்து, பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாக நகர்த்தினாள்.

"இவ்ளோ நீளமா நானு!" என்று பொன்னம்மா மறுபடி சிரித்தாள். இடுப்பிலிருந்த குழந்தை உறையைப் பிடுங்கக் கை நீட்டியது. எட்டாத உயரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டாள்.

எங்கள் "குவாட்டர்ஸ்" வரிசை இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. கிள்ளான் லயத்தையும் இடித்துவிட்டார்கள். குழாயடி எங்கே இருந்தது என்று காட்டக்கூட அங்கே ஆள் இல்லை. சித்தப்பாவும் அக்காவும் போய்விட்டார்கள். அப்படிப்பட்ட உறைகள் இப்போது சேகரிப்பாளர் சந்தையில் கண்ணாடித்தாளுக்குள் விலைச்சீட்டோடு வருகின்றன. போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டி முகவரியை வாசிக்கிறேன். கிள்ளான் பொன்னம்மா இதுவரை அங்கே விலைக்கு வரவில்லை. வராதவரை எனக்கு நிம்மதி.