மகள் கேட்ட மொட்டை

காய்ச்சல் விட்ட பிறகும் என் மகள் வாயைத் திறக்கவில்லை. இரண்டரை வயது. கஞ்சி, ரசஞ்சோறு, பிஸ்கட், எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கும் சாப்பிடாவிட்டால் அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குச்சிக் கையில் எங்கே ஊசி குத்துவார்கள்?

மறுநாள் காலை கண் விழித்ததும் முனகினாள். "மொட்டே... மொட்டே வேணும்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இவள் பிறந்தபோது முருகனுக்கு இரண்டு மொட்டை நேர்ந்திருந்தோம். ஒன்றைப் போட்டாயிற்று. மற்றதை லீவு இல்லை, பஸ்ஸில் கூட்டம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

குடியாத்தத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு அவர் போன் போட்டார். என் நாத்தனாருக்குச் சொல்லியா தரவேண்டும்? "நேந்துக்கினு மறந்தா இப்டித்தான். சாமியே கொயந்த வாயால கேக்குது. இன்னிக்கே கெளம்பி வாங்க."

இவர் பையில் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கத் தெம்பில்லாத பிள்ளையை மலையேற்றி மொட்டையடிப்பதாம். ஆனால் சாமி விஷயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினேன்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு ஆன்ட்டி வந்தார். நான் வேலைக்குப் போனால் மகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னடத்துக்காரர். பையைப் பார்த்து எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன். அதற்குள் மகள் அவரிடம் கையை நீட்டி, "மொட்டே" என்றாள்.

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ, அந்த மொட்டை இல்லம்மா. உங்களுக்கு முட்டை, நமக்குக் கன்னடத்துல மொட்டெ. டெய்லி மத்தியானம் என்கிட்ட ஒண்ணு வேகவச்சுத் தின்றாளே. வீட்ல நீங்க குடுக்கறதில்லையா?"

எங்கே கொடுத்தேன்? எங்கள் வீட்டில் முட்டை என்றால் ஆம்லெட்தான்.

கணவர் பையைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். பாத்திரத்தில் தண்ணீரும் உப்பும் போட்டு முட்டைகளை வைத்தேன். அவசரத்தில் தீயைக் கூட்டிவிட்டேன். ஒன்று வெடித்து வெள்ளை நூல் நூலாக வெளியே வந்தது. போகட்டும், சனியன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அடுப்பின் முன்னாலேயே நின்றேன். பச்சைத் தண்ணீரில் போட்டும் ஆறவிடப் பொறுமையில்லை. விரல் சுடச்சுட உரித்தேன். ஓட்டோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்தது.

மடியில் உட்கார்த்தி நீட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. மஞ்சளை விரலால் நோண்டி நோண்டித் தின்றாள். வாயெல்லாம் மாவு. நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். முழு மஞ்சளும் உள்ளே போயிற்று. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அழுகை தானாக வந்தது, துடைக்கவும் இல்லை.

கணவர் அக்காவுக்குப் போன் போட்டு, "அது மொட்டை இல்லக்கா, முட்டை" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நம்புவதாகத் தெரியவில்லை.

மகள் மிச்சமிருந்த வெள்ளையை என் வாயில் திணித்தாள். "ம்மா, தின்னு." நேற்று முழுக்க நானும் பட்டினி என்பது அப்போதுதான் உறைத்தது. தின்றேன்.