நான்காம் கேள்வி

சிங்காநல்லூர்ப் பக்கம் நான் போதகராக இருந்த சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில், 1993ஆம் ஆண்டுக்குரிய பக்கங்களில் ஒரே ஒரு வரி பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. நாள்: திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் பதினோராம் ஞாயிறு. கொடுத்தவர் என்ற கட்டத்தில் ‘பைபிள் அம்மா, அவசரம்’ என்று இருக்கும். பெற்றோர் என்ற கட்டத்தில் என் பெயரும் என் மனைவியின் பெயரும். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். கையெழுத்து என்னுடையது. குழந்தையின் பெயரும் அந்த வரியில் உண்டு. அதை வைத்தது நானல்ல, அதனால் இங்கே எழுதவில்லை.

பைபிள் அம்மா என்பது ஒரு பதவி. வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு வேதம் வாசித்து ஜெபிப்பதும், நோயாளிகளைப் பார்ப்பதும், பிரசவத்துக்கும் சாவுக்கும் கூட நிற்பதும் அவர் வேலை. அவிநாசிக்குப் பக்கத்தில் பண்ணையத்துக் கூலிக்குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்றவர். இளவயதிலேயே கணவரை இழந்தார், பிள்ளைகள் இல்லை. நான் அந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் காக்கித் துணிப்பை. நான் எதையும் நாள், கிழமை போட்டு எழுதிவைக்கிறவன். பிரசங்கத்தின் தலைப்பு, வந்தவர் எண்ணிக்கை, மழை பெய்ததா என்பதுவரை டைரியில் ஏறிவிடும். அதைப் பார்த்து அவர் என் மனைவியிடம், “நம்ம ஐயா பரலோகத்துக்குப் போனாக்கூட, வாசல்ல நிக்கற பேதுருகிட்ட தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிட்டுத்தானுங்க உள்ள காலை வெப்பாரு” என்பார். போதகருக்குச் சபை கொடுத்த வீடான குருமனையின் சமையலறையில் இருவரும் சிரிப்பது என் எழுத்துமேசைவரை கேட்கும். கல்யாணமாகி ஒன்பது வருடங்கள் பிள்ளையில்லாமல் இருந்த வீட்டில் அந்தச் சிரிப்பு பெரிய காரியம். பத்தாம் வருடம் என் மனைவி கருவுற்றபோது, எனக்கு முன்னால் அது பைபிள் அம்மாவுக்குத்தான் தெரிந்தது.

அதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மில் தொழிலாளியின் பெண் குழந்தை, பிறந்த மூன்றாம் நாள் ஞானஸ்நானம் பெறாமலேயே இறந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தின் மதிலோரமாகப் புதைப்பதும், அதற்கு ஆலய மணி அடிக்காமல், அடக்க ஆராதனை நடத்தாமல், ஒரு சிறு ஜெபத்தோடு முடிப்பதும் அந்தச் சபையின் பழைய நடைமுறை. அந்தத் தகப்பன் என் வாசலில் வந்து நின்று, மணி மட்டுமாவது அடிக்கலாமுங்களா என்று கேட்டார். நான் முடியாது என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. விதி இது, எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினேன். “சரிங்கய்யா” என்று போய்விட்டார். அன்றைய டைரியில் ‘விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதியிருக்கிறேன். பைபிள் அம்மா அதன்பின் ஒரு வாரம் என்னோடு தேவைக்குமேல் பேசவில்லை.

அந்தப் பதினோராம் ஞாயிறு ஆவணி மாதம். காலை ஆராதனை முடிந்ததும் மேட்டுப்பாளையம் பக்கத்துக் கிளைச்சபைக்கு நான் போகவேண்டியிருந்தது. போதகர் கையால் அப்பமும் கிண்ணமும் வாங்கும் திருவிருந்து அவர்களுக்கு மாதம் ஒருமுறைதான். என் மனைவிக்கு ஏழு மாதம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. புறப்படும்போது இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். போகட்டுமா, இருக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. “நாலு மணிக்குள்ள வந்துடறேன்” என்றேன். பைபிள் அம்மா வீட்டில் இருந்தார், அது எனக்குத் தைரியமாக இருந்தது. கிளைச்சபைக்குப் பக்கத்தில் போன் இல்லை. ஆராதனை முடிந்து பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு வீட்டில் சாப்பிட்டேன். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கொள்ளச் சொன்னார், விட்டுக்கொண்டேன். இந்த விவரங்களெல்லாம் டைரியில் இருக்கின்றன. அந்த நேரத்தில்தான் ஒரு ஆட்டோவில் பைபிள் அம்மாவின் மடியில் தலைவைத்து என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

குருமனைக் கதவில் சொருகியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். எல்லாம் முடிந்திருந்தது. மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்காமல், டாக்டரும் நர்ஸும் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். குழந்தை பிழைக்காது என்று தெரிந்து அதைப் பக்கத்து மேசையில் கிடத்தி, வெளியே நின்ற பைபிள் அம்மாவை நர்ஸ் உள்ளே கூப்பிட்டிருக்கிறார். சாகும் நிலையில் இருக்கிற குழந்தைக்குப் போதகர் இல்லாத இடத்தில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது எங்கள் முறைமையில் உண்டு, பைபிள் அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறந்த நேரம் இருந்தது. இறந்த நேரம் எழுதப்பட்டிருக்கவில்லை.

துணியில் சுற்றியிருந்த என் மகனைப் பார்த்தேன். பிறகு வார்டில், என் மனைவியின் கட்டிலை மறைத்த பச்சைத் திரைக்கு இந்தப்பக்கம் நின்று, பைபிள் அம்மாவிடம் போதகர் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளைக் கேட்டேன். ஞானஸ்நானம் கொடுத்தது யார்?

“நானுங்கய்யா.”

எதைக்கொண்டு கொடுத்தீர்கள்?

“தண்ணிதானுங்கய்யா. ஃபிளாஸ்க்குல இருந்த...”

எந்த வார்த்தைகளைச் சொன்னீர்கள் என்று அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைத் தப்பில்லாமல் சொல்லிக்காட்டினார். முறைப்படி விசாரணை அதோடு முடிகிறது. அதற்குமேல் கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனால் மதிலோரம் புதைத்த அந்த மில் தொழிலாளியின் குழந்தை எனக்குள் வந்து நின்றது. என் பிள்ளைக்கு ஒரு நியாயம், அவர் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக்கூடாது என்று நினைத்தேன். அதனால் நான்காவதாக ஒன்று கேட்டேன்: தண்ணீர் ஊற்றும்போது உயிர் இருந்ததா?

அவர் பார்வை என் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது. நான் கையில் பேனாவோடு நின்றிருந்தேன் என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. “தெரியலீங்கய்யா” என்றார்.

திங்கட்கிழமை காலை மகனை மதிலோரமாகப் புதைத்தேன். மணி அடிக்கவில்லை. ஒரு சிறு ஜெபம் மட்டும் செய்தேன். சபைக் கமிட்டியார் இரண்டு பேர், ஐயா வேண்டாமுங்க, உள்ளேயே வைக்கலாமுங்க என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் அந்த மில் தொழிலாளி வந்து நின்றிருந்தார். அவர் மகளின் குழி நான்கு அடி தள்ளி. மண்வெட்டியைக் குழிவெட்டுகிறவரிடமிருந்து வாங்கி அவரே மண்ணைத் தள்ளினார். எல்லாம் முடிந்தபின் என் பக்கத்தில் வந்து, “ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டுங்கய்யா. ஒண்ணுக்கொண்ணு தொணை” என்றார். அவர் குரலில் குத்தல் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

ஒன்பதாம் நாள் மனைவி வீட்டுக்கு வந்தாள். எங்கே புதைத்தது என்று கேட்டாள். சொன்னேன். விதியையும் காரணத்தையும் அந்தத் தகப்பனுக்கு விளக்கியதைப் போலவே அவளுக்கும் விளக்கினேன். திரைக்கு அந்தப்பக்கம் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நான்கு கேள்விகளையும் கேட்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

“அத்தனை கேட்டீங்களே,” என்றாள். “புள்ளை யாரு மாதிரி இருந்தான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவள் பிள்ளையைப் பார்த்திருக்கவில்லை. பார்த்தவர்கள் நானும் பைபிள் அம்மாவும்தான். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். நெற்றி அவளுடையது, மோவாய் என் அப்பாவுடையது. நான் சொல்லவில்லை. பேனாவில் எழுதவேண்டிய வரியைப் பென்சிலில் எழுதி வைத்துக்கொண்டு, என்றைக்காவது உறுதியானால் மையில் எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. சமைத்தாள், பெண்கள் ஐக்கியக் கூட்டம் நடத்தினாள், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்தாள். ஆனால் நான் திருவிருந்து கொடுக்கும்போது எழுந்து வரமாட்டாள். மற்றப் பெண்கள் பீடத்துக் கிராதிக்கு முன்னால் வந்து முழங்காலிடுவார்கள், அவள் மூன்றாம் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். வேறு போதகர் யாராவது வந்து நடத்தினால் வருவாள், முதல் வரிசையிலேயே முழங்காலிடுவாள். இதைச் சபையார் எல்லாரும் கவனித்தார்கள். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கே உரிய நாசூக்கோடு ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. நாலரை வருடம். கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் சாய்த்தபடி வரிசையின் கடைசிக்கு வரும்போது, நிமிர்ந்து மூன்றாம் பெஞ்சைப் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

1998இல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பைபிள் அம்மா இறந்தார். கடைசி ஒரு வருடம் அவிநாசியில் தம்பி மகன் வீட்டில் இருந்தார். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் என் மனைவி, பக்கத்தில் நான். தெக்கலூர் தாண்டியபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் பேசத் தொடங்கினாள். இத்தனை வருடமும் பைபிள் அம்மா அவளுக்குச் சொல்லிவந்ததை எனக்குச் சொன்னாள். கூடக்குறைய அதே வார்த்தைகளில் எழுதுகிறேன்.

“பைப்புத் தண்ணி சில்லுன்னு இருந்துதாம். புள்ளைக்குத் தாங்காதுன்னு, எனக்கு வாங்கி வெச்சிருந்த ஃபிளாஸ்க்கு வெந்நிய ஊத்தி வெளாவினாங்களாம். முழங்கையில விட்டுப் பாத்தாங்களாம், சூடு பதமா இருக்குதான்னு. அப்புறம்தான் ஊத்தினாங்களாம். பேரச் சொன்னப்ப சுண்டுவெரல அசைச்சானாம்.”

பிறகு, “உங்ககிட்டயும் இதைத்தானுங்களே சொன்னாங்க? அப்புறமாவது, எப்பவாவது?” என்று கேட்டாள்.

பைபிள் அம்மா என்னிடம் அந்த ஒரு சொல்லுக்குமேல் எதுவும் சொன்னதில்லை. நானும் அதற்குப்பின் கேட்டதில்லை. இரண்டாம் கேள்விக்கு அவர் சொல்லவந்த பதிலைப் பாதியில் வெட்டியவன் நான். திரைக்குப் பின்னால் அவள் அந்த ‘தெரியலீங்கய்யா’வைக் கேட்டவள் என்பது இப்போது எனக்குத் தெரியும். கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது என்பதும் தெரியும். இருந்தும் கேட்கிறாள். “ஆமா” என்றேன். “அப்புறம் ஒரு தடவை சொன்னாங்க.” என் ஊழியத்தில் தெரிந்தே சொன்ன பொய் அது.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அவள் எழுந்து வந்தாள். வரிசையின் கடைசியில் முழங்காலிட்டுக் கையை ஏந்தினாள். அப்பத்தை வைத்தேன். விரல் பட்டது. சொல்லவேண்டிய வார்த்தைகள் எனக்கு மறந்துபோயின. அவளே மெல்லிய குரலில் எடுத்துக்கொடுத்தாள். ஒரு பொய்யைச் சொல்லி அவளை அந்தக் கிராதிக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டு எந்த வாயால் அந்த வார்த்தைகளைச் சொன்னேன் என்பதை இன்றுவரை ஆண்டவர் முன்னால் நான் நேராக்கிக்கொள்ளவில்லை. அதன்பின் பல வருடங்கள் வாழ்ந்து அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை இதை எழுதியிருக்க முடியாது.

ஓய்வுபெற்ற பின் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். அந்த வருடத்துப் பிரசவ வார்டுக் குறிப்பேடுகள் இல்லை என்றும், அன்று பணியிலிருந்த நர்ஸ் யாரென்று தெரியவில்லை என்றும் பதில் வந்தது. சுண்டுவிரல் அசைந்தது என்பது, என்னிடம் ‘தெரியலீங்கய்யா’ என்றவர் ஒரு தாய்க்குச் சொன்னது, அதை நான் சாட்சியாக எடுக்கவில்லை. ஆக, மிஞ்சுவது விளாவிய தண்ணீர் ஒன்றுதான். உயிரில்லாத பிள்ளைக்கு யாராவது வெந்நீர் விளாவி, முழங்கையில் விட்டுச் சூடு பார்ப்பார்களா? பார்க்கமாட்டார்கள் என்று பல நாட்கள் அந்த எண்ணத்திலேயே ஆறுதலாக இருந்தேன். ஆனால் 1996இல் எங்கள் சபையில் ஒரு முதியவர் இறந்தபோது, அவர் உடலைக் குளிப்பாட்டியவர் பைபிள் அம்மா. நான் வாசலில் நின்றிருந்தேன். குண்டாவில் வெந்நீரை விளாவினார். இறந்தவர்மேல் ஊற்றுவதற்கு முன்னால், தன் முழங்கையில் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். இதை என் கண்ணால் பார்த்தேன், அன்றைய டைரியிலும் இருக்கிறது. ஆகவே, தண்ணீர் ஊற்றும்போது என் மகன் உயிரோடு இருந்தானா என்பது இன்றளவும் உறுதிசெய்யப்படவில்லை.