கணக்கில் சேராத இருபது சுவர்கள்

நூறு மீட்டர் என்று என் சித்தி மகள் விடை சொன்னபோது, அதில் ஒரு பிழை இருக்கிறது என்று அறிந்திருந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அறிந்தும் வாய் திறவாதிருந்தேன். அழுக்காறு என்னும் சொல்லை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மனப்பாடப் பகுதியில் ஒப்பித்து, ஆசிரியையிடம் பாராட்டும் பெற்றிருந்தேன். பொருள் விளங்க அந்தக் கோடை வரை ஆயிற்று.

எங்கள் வீடு மேல்மலையில், கிளாவரைக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் இருந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி, படிதோறும் கல்லால் தாங்குசுவர் எழுப்பி, அப்படிகளில் காய்கறி விளைவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சமநிலம் என்றால் எங்களுக்கு மூன்று மீட்டர் அகலம். அதன் பின் ஒரு சுவர். சுவருக்கு மேல் மீண்டும் மூன்று மீட்டர். இதைத் தவிர வேறு வகையான நிலம் உலகில் உண்டு என்பதை நான் பேருந்துப் பயணங்களில்தான் நம்பினேன்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் சித்தி தம் மகளை அழைத்துவந்து எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். அவள் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தவள், என்னைவிட எட்டு மாதம் இளையவள், அதே வகுப்பு. அவளுடன் ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதை இறக்க அப்பாவும் லாரி ஓட்டுநரும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. (சரக்குந்து என்று எழுதவே இன்று என் கை விரும்புகிறது, ஆயினும் எங்களை மலையிலிருந்து இறக்கியதும் ஏற்றியதும் லாரிதான்.) பெட்டிக்குள் தடித்த கம்பளி, குளிர்காலச் சட்டைகள், பாடநூல்கள் அனைத்தும், மூடியில் கீறல் விழாத ஒரு வடிவியல் பெட்டி. சித்தி புறப்படும்போது அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் அழுதார். ஒரு மாத விடுமுறைக்கு இத்தனை கண்ணீரா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வந்த மூன்றாம் நாளிலிருந்தே என் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைமாறத் தொடங்கின. அடுப்பருகே நான் உட்காரும் பலகை அவளுக்குக் கிடைத்தது. என் சிவப்புக் குளிராடை, ‘அவளுக்கு நல்லா இருக்கு’ என்று அம்மாவால் தீர்ப்பளிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பொறுத்தேன். அப்பா என்னை மட்டும் ‘தாயி’ என்று அழைப்பார். ஒரு காலையில் அவர் வாசலில் நின்று அவ்வாறு அழைக்க, நான் எழுந்து ஓடினேன். அவர் அவளுக்குத் தேநீரை நீட்டிக்கொண்டிருந்தார். அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. எங்கள் கேரட்டுப் படிகளின் தலைப்பில் இருந்த தொட்டி வறண்டு கிடந்தது. வீட்டுக்கு மேற்கே, உயரத்தில், வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அதிலிருந்து நானும் அம்மாவும் நாள்தோறும் குடத்தில் சுமந்து ஊற்றிய நீர் செடிகளின் நாவை நனைக்கவும் போதவில்லை. ஊற்றிலிருந்து தொட்டிக்கு ஒரு கறுப்புக் குழாய் போட்டுவிட்டால் பயிர் பிழைக்கும். குழாய் ஒட்டன்சத்திரத்தில்தான் கிடைக்கும். அப்பா வெள்ளிக்கிழமை லாரியில் இறங்கி வாங்கிவர வேண்டும். அதை விட்டால் அடுத்த வாரம். அடுத்த வாரம் வரை கேரட்டு தாங்காது.

இடர் என்னவெனில், நீளம் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊற்றுக்கும் தொட்டிக்கும் இடையில் கிடந்தது அடுத்த தோட்டத்துக்காரரின் உருளைக்கிழங்கு.

“கெழங்கு எடுக்குற வரைக்கும் உள்ள காலு வைக்கக் கூடாதுன்ட்டாரு,” என்றார் அப்பா. “ஞாயித்துக்கெழம எடுத்துருவாராம். நான் வெள்ளிக்கெழம போயாகணும். எத்தன மீட்டருன்னு எந்தச் சாமியப் போயிக் கேக்குறது?”

“உள்ள போகவே வேணாம் பெரியப்பா,” என்றாள் அவள். “கிராஃப்ல போட்டா டிஸ்டன்ஸ் வந்துரும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீயும் அதே கிளாசுதான? உனக்குத் தெரியுமா?”

“எங்களுக்கு இன்னும் நடத்தல,” என்றேன். நடத்தியிருந்தார்கள். அந்தப் பாடத்தில் நான் இருபத்தைந்துக்கு நான்கு வாங்கியிருந்தேன்.

அவள் கட்டத்தாளை விரித்தாள். வீட்டின் தென்கிழக்கு மூலையில் விரல் வைத்து, “அக்கா, இத ஆதிப்புள்ளியா வச்சுக்கலாமா?” என்று என்னிடம் கேட்டாள். தன் படிப்பைக் காட்டிக்கொள்ளக் கேட்கிறாள் என்று கருதி, “எனக்கென்ன, வச்சுக்க,” என்றேன். மூலையிலிருந்து கிழக்கே போனால் கூட்டல், மேற்கே கழித்தல். மலை ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். ஊற்றுக்கும் தொட்டிக்கும் அந்த மூலையிலிருந்து தனித்தனியே அளந்துவிட்டால், இடையில் கிடக்கும் கிழங்குக் காட்டை மிதிக்காமலேயே நேர்த்தொலைவு கிடைத்துவிடும். அப்பா இதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் மதிப்பெண் அட்டையை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு உருவாயிற்று. “நீ நுனியப் பிடிச்சுக்க,” என்று அப்பா எனக்கொரு பதவி அளித்தார். அளப்பவள் அவள், எழுதுபவள் அவள், நான் கயிற்றின் நுனி.

மேற்கே இருபது. பிறகு மேலேறத் தொடங்கினோம். படியின் விளிம்பிலிருந்து அடுத்த சுவரின் அடிவரை கயிற்றை வைப்பாள்: மூன்று முடிச்சு. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சுவரேறுவாள். மேலே மீண்டும் மூன்று முடிச்சு. நான்காவது சுவரில் முழங்கை சிராய்த்துக்கொண்டு ஏறியபோதுதான் எனக்கு அது உறைத்தது. கயிறு ஒருமுறையேனும் சுவரைத் தொடவில்லை. அவள் சமநிலத்தை மட்டுமே அளக்கிறாள். நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும் மலையை விட்டுவிட்டாள்!

அந்தச் சுவர்களை என்னைவிட நன்கறிந்தவர் யார்? இடுப்பில் குடத்தோடு ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கியவை. அவள் எழுதிக்கொண்டிருந்தபோது கயிற்று நுனியைச் சுவரோடு சேர்த்துவைத்துப் பார்த்தேன்: ஒரு முடிச்சும் கால் முடிச்சும். வீட்டுக்கு மேலே பதின்மூன்று சுவர், கீழே தொட்டி வரை ஏழு. இருபது சுவருக்கு இருபத்தைந்து மீட்டர். அன்றைய நாளில் நான் செய்த கணக்கு அது ஒன்றே. அதை இனிப்புப்போல் நாவின் அடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் புள்ளிகளை இட்டாள். ஊற்று: கழித்தல் இருபது, நாற்பது. தொட்டி: அறுபது, கழித்தல் இருபது. கிழக்கு மேற்கில் வேறுபாடு எண்பது. மேல் கீழில் அறுபது. எண்பதின் வர்க்கத்தையும் அறுபதின் வர்க்கத்தையும் கூட்டினாள். பத்தாயிரம். வர்க்கமூலம் நூறு.

“நூறா! சில்லறையே இல்லாம நூறா!” அப்பா சிறுபிள்ளைபோல் சிரித்தார். அவள் தலையில் கைவைத்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில், பழனி விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

“ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்ல,” என்றேன். உண்மையில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வெள்ளனே லாரி ஏறினார். படிக்கட்டில் கால்வைத்தவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும். அவள் என் பக்கத்தில் என் சிவப்புக் குளிராடையில் நின்று கையசைத்தாள். அந்தச் சொல்லை விழுங்கினேன்.

நூற்றைந்து மீட்டர் குழாயோடு அவர் திரும்பினார். “கணக்குக்கு நூறு, மனசுக்கு அஞ்சு,” என்றார்.

ஞாயிறு காலையில் கிழங்கு எடுத்து முடிந்ததும் ஊற்றில் ஒரு முனையைச் செருகிக் குழாயை உருட்டிக்கொண்டே இறங்கினோம். அடுத்த தோட்டத்துக்காரர் கிழங்கு மூட்டைமேல் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். “ஏலே, பேப்பர்ல வெட்டுன வாய்க்காலு! எங்க, தண்ணி வருதான்னு பாப்போம்,” என்றார். குழாய் ஒவ்வொரு படியிலும் மண்ணோடு படுத்தது. ஒவ்வொரு சுவரிலும் கல்லோடு ஒட்டி இறங்கியது. படி, சுவர், படி, சுவர். நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். தொட்டிக்கு மூன்று சுவருக்கு மேலேயே குழாய் தீர்ந்துபோயிற்று.

“என்ன தம்பி, இருபது மீட்டரு கொறையுதுபோல கெடக்கே,” என்றார் அவர்.

அப்பா குழாயின் வாயைக் கையில் பிடித்தபடி, கீழே வாடிக்கிடந்த கேரட்டைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கினாள். அவள் முகம் அவ்வளவு வெளுத்து நான் கண்டதில்லை.

என் நாவின் அடியில் இருந்ததை இனியும் அடக்க இயலவில்லை. “சுவரு இருபதையும் அவ அளக்கவே இல்லப்பா! எனக்கு அன்னைக்கே தெரியும்!”

பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

“அன்னைக்கேன்னா, என்னைக்கு?”

“கயிறு பிடிச்சப்பவே.”

அப்பா குழாயைக் கீழே வைத்தார். “தெரிஞ்சுமா என்னைய லாரி ஏற விட்ட?”

நான் காலடி மண்ணைப் பார்த்தேன். அப்போது அவள் குரல் கேட்டது. “அக்கா சொன்னா பெரியப்பா. நாந்தேன் காதுல வாங்கல.”

நான் திடுக்கிட்டுத் தலைநிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மண்ணில் குந்தித் தாளைப் புரட்டி வைத்துக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில், “அக்கா, ஒரு சுவரு எவ்வளவு ஒசரம்?” என்றாள்.

“ஒண்ணேகால்.”

“இருபதுக்கு இருபத்தஞ்சு.” எழுதினாள். நூற்றின் வர்க்கம், இருபத்தைந்தின் வர்க்கம். கூட்டினால் பத்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. அவள் இதழ்கள் அசைந்தன; பென்சில் எதையோ அடித்துத் திருத்தியது. திடீரென எழுந்தாள். “நூத்தி மூணு பெரியப்பா! நூத்தி மூணுதான்! தரையில படுக்கப் போடாதீங்க. சுவரு தலைக்குத் தலை நேரா இழுத்துக் கட்டுங்க. எட்டிரும்.”

நான் கட்டிக்காத்த இருபத்தைந்து மீட்டர் அவளுடைய பென்சில் முனையில் மூன்றாகச் சுருங்கிப்போயிற்று. சுவர்களைப் படிகளோடு கூட்டியது என் கணக்கு. மண்ணில் தவழும் குழாய்க்கு அது சரி. சுவர்த்தலைகளின் மேல் செல்லும் நேர்கோடோ அவற்றைக் கர்ணமாகக் கடந்துபோனது. இதை இன்று விளக்க முடிகிறது. அன்று, என் சொந்தச் சுவர்களே அவள் பக்கம் சேர்ந்துவிட்டன என்றுதான் தோன்றியது.

கவைக்குச்சிகளை நட்டுக் குழாயைத் தூக்கி நிறுத்தினார்கள். கேலி செய்தவரே மூட்டையிலிருந்து இறங்கிவந்து, “வெரசா இழுப்பா, தொய்ய விடாத,” என்று ஒரு பக்கம் பிடித்தார். குழாயின் வாய் தொட்டியைத் தாண்டி இரண்டு முழம் மிஞ்சியது. முதலில் காற்று இருமியது. பிறகு செம்மண் நீர். பிறகு தெளிந்த நீர், சுண்டுவிரல் பருமனில்.

“ரெண்டு பேருமாச் சேந்து போட்ட கணக்கு,” என்றார் அப்பா. என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் சொன்ன பொய்யை அவர் நம்பவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஆனால் அதைத் திருப்பிக் கேட்கவுமில்லை. எனக்கோ அவள்மேல் முன்னிலும் சினம் மூண்டது. வெற்றியை எடுத்துக்கொண்டாள், போகட்டும். என்னை மன்னிக்கும் உரிமையை இவளுக்கு யார் கொடுத்தார்கள்?

அந்தப் பங்குனியில் வீட்டைவிட்டுப் போன சித்தப்பா திரும்பவே இல்லை என்பதும், சித்தி வேலைக்குப் போன இடத்தில் மகளை உடன்வைத்துக்கொள்ள வழியில்லை என்பதும், விடுதியில் அவளுடைய இடம் போய்விட்டது என்பதும் எனக்குப் பின்னாளில் சொல்லப்பட்டவை. அவளுக்கு அவை முன்பே தெரியும். ஒரு வீட்டில் வேண்டப்பட்டவளாக நிற்பதற்கு அந்த நூறு மீட்டரை மட்டுமே நம்பியிருந்த சிறுமி, அது பொய்த்துப்போன கணத்தில், அந்த வீட்டின் மகளைக் காட்டிக்கொடுக்கத் துணியவில்லை. அல்லது அவள் இயல்பாகவே என்னைவிட நல்லவள். இரண்டில் எது என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம்.

அன்று நண்பகல் கஞ்சி குடித்தபின் அவள் தன் புத்தகப்பையைத் தகரப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். அறையில் என் பை தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி வெறுமனே இருந்தது.

“அக்கா, இதுல மாட்டிக்கவா?”

“எத்தன நாளைக்கு?” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரங்களைச் சட்டென அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “தொட்டி ரொம்பி வழியப் போகுது, பாத்துட்டு வாரேன்,” என்று எழுந்து வெளியேறினார்.

சுண்டுவிரல் பருமன் நீருக்கு அந்தத் தொட்டி நிரம்ப மாலையாகும். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு எதற்காக எழுந்து போனார் என்பதுதான் அன்று தெரியவில்லை.