எங்கள் துரை பின்னாலேயே போனார்

பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: எது உடைந்தாலும் உடைத்தது நாம், எது ஓடினாலும் ஓட்டியது சார்.

தொடாதீங்க

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். பத்தொன்பது வருஷம் மில்லில் மோட்டார் பார்த்தேன். மில்லை மூடியதும் நெல்லித்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் ஆனேன். கம்ப்யூட்டருக்கு இன்னும் ஃப்ளாப்பி போட்டுக்கொண்டிருந்த காலம். பத்தாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள் ரோபோ செய்து போட்டிக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார்கள். முன்னால் நின்றவள் கலைச்செல்வி. சயின்ஸ் சார் தனசேகர் பொறுப்பு. உடைந்த பெஞ்சு அடைத்திருந்த அறையைக் காலி செய்து கூட்டிக் கொடுத்தவன் நான்.

பழைய டேப்ரெக்கார்டரிலிருந்து கழற்றிய குட்டி மோட்டார் ஒன்று மேசைமேல் கிடந்தது. எடுத்து விரலால் சுற்றிப் பார்த்தேன். ஆள் உயர மோட்டாரையெல்லாம் பிரித்துப் போட்ட கை இது. வாசலிலிருந்து சார் பதறிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். அன்று வியாழக்கிழமை, சார் நீலச் சட்டை போட்டிருந்தார்.

"முருகையன், அதெல்லாம் தொடாதீங்க! கரண்டு சமாசாரம்!"

பெயர் வைத்தது யார்

ரோபோ என்றதும் மனுஷன் மாதிரி கையும் காலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். செய்து முடித்ததைப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வண்டி. முன்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருப்பு மணிகள். அவைதான் கண். எதிரே சுவர் தெரிந்தால் பின்னால் வந்து வேறு பக்கம் திரும்பும். பெஞ்சுகளைச் சாய்த்துப் போட்டுச் சந்து மாதிரி வளைத்து வழி செய்திருந்தோம். அதில் முட்டாமல் போய்ச் சேர வேண்டும், அதுதான் போட்டி.

தலைமை ஆசிரியை பார்க்க வந்த அன்று அது அசையவே இல்லை. பட்டனை அழுத்தினார்கள், தட்டினார்கள், கெஞ்சினார்கள். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"துரைக்கு இன்னைக்கு மனசு வரலையா? போட்டியில ஒரு தடவையாவது துரை போய்ச் சேரணும். இல்லேன்னா பெஞ்சையெல்லாம் திரும்ப இந்த ரூம்லயே போட்டுடுங்க, முருகையன்!"

ஒரு சொட்டு எண்ணெய்

அந்த அம்மா கிண்டலாகச் சொன்னதே பெயராகிவிட்டது, விட்டுப்போன ஒரு வயரைப் பிள்ளைகள் கண்டுபிடித்து ஒட்டியதும் ஓட்டமும் வந்தது. ஆனால் துரை இடது பக்கமே இழுத்துக்கொண்டு போனார். சார் நான்கு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னென்னமோ மாற்றினார். இடது சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது என்று முதல் நாளே சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. தொடாதே என்றவர் வாயால் கேட்கட்டும் என்று, தையல் மெஷின் எண்ணெயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாளும் தரையைத்தான் கூட்டினேன்.

ஐந்தாம் நாள் கலைச்செல்வி நேரே என்னிடம் வந்தாள். "இன்னாண்ணே, உங்களுக்குத் தெரியும்போல இருக்கே. மொகத்துல சிரிப்பு வருது" என்றாள். பிள்ளை கேட்டால் என்ன செய்வது? ஒரு சொட்டு விட்டேன். துரை கோடு போட்ட மாதிரி நேராகப் போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கும் அதான் தோணிச்சு."

எந்த கம்பெனி

சேதராப்பட்டு தாண்டி ஒரு காலேஜில் போட்டி. பஸ்ஸில் துரையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே நிறத்தில் பனியன் போட்டு, பளபளவென்று பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சாமான். அவர்களில் ஒரு பையன் எங்கள் துரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது எந்த கம்பெனி?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. கலைச்செல்வி யோசிக்கக்கூட இல்லை.

"நெல்லித்தோப்பு."

சுவர்

ஆளுக்கு இரண்டு முறைதான் ஓட்டலாம். முதல் ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். துரை முன்னால் போகவில்லை, பின்னால் போனார். தூக்கி வைத்தால் மறுபடியும் பின்னால். கோட்டைத் தாண்டி வெளியே வந்து நடுவர் ஷூவில் முட்டி நின்றார். ஹாலே சிரித்தது. சார் முகம் வெளிறிவிட்டது. எனக்கோ அந்த உடைந்த பெஞ்சுகள் கண்முன்னே வந்து வரிசையாக நின்றன. நான்கு பிள்ளைகளும் வயர் வயராக இழுத்துப் பார்த்தார்கள். அடுத்த விசிலுக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லை.

கலைச்செல்வி தரையில் குப்புறப் படுத்து, துரையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். காலையில் கிளம்பும்போது, மில்லில் ஆயுதபூஜைக்கு எல்லா மோட்டாருக்கும் வைப்பதுபோல, துரைக்கும் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்துப் பெரிய பொட்டு வைத்திருந்தேன். இரண்டு கருப்பு மணிக்கும் நடுவில், நெற்றி என்று நினைத்து. பஸ் குலுங்கிய குலுக்கலில் அது இரண்டு கண்ணிலும் அப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க வெச்ச பொட்டைச் சுவருன்னு நெனச்சி பயந்து ஓடுறாருண்ணே!"

சாவி

தாவணி நுனியால் அவளே துடைத்தாள். இரண்டாவது விசில். துரை கிளம்பினார், திரும்பினார், ஓரிடத்தில் நின்று யோசித்தார். கடைசி மூலையில் லேசாக உரசிக்கொண்டு, முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றார். பரிசு பளபளப் பெட்டிக்குத்தான் போனது. ஆனால் துரை போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பரிசு வாங்கினவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை பெஞ்சுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் அறை வாசலில் பேர் கொடுக்க நின்றார்கள். சார் அறைச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும், முருகையன். எதை வேணும்னாலும் தொடுங்க. கண்ண மட்டும் வுட்டுடுங்க."

தொடாதீங்க என்று சார் சொன்ன அந்த வியாழக்கிழமையை நான் இன்னும் மறக்கவில்லை, தொடக்கூடாத இடத்தைத் தொட்டது யார் என்பதைத்தான் மறக்கப் பார்க்கிறேன்.