நாத்தனார் செத்துப்போன படம்

என் நாத்தனார் சாவதை அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். திரையில்தான் செத்தார்.

நானும் என் கணவரின் அக்காவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு காலைகளில் நடக்க ஆரம்பித்தோம். இருவருக்கும் சர்க்கரை. இருவரும் ஜூரோங்கில் பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடிப் புளோக். அதற்கு மேல் எங்களுக்குள் பொருத்தம் ஒன்றும் கிடையாது. நேரில் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மனதுக்குள் வேறு மாதிரி கூப்பிட்ட காலமும் உண்டு. எம்ஆர்டி ரயில் ஏறி ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்குவோம். கேலாங், தேக்கா, தஞ்சோங் பகார் என்று எங்கேயாவது நடப்போம். அவர் முன்னால் போவார், நான் பின்னால். வழியெல்லாம் சண்டை. எந்தப் பக்கம் திரும்புவது, யார் தண்ணீர் கொண்டுவர மறந்தது, என் கல்யாணத்தில் யார் யாரை 'வா' என்று கேட்கவில்லை. தஞ்சோங் பகாரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டி, "இங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்பார். அடுத்த முறை வேறு கட்டடத்தைக் காட்டுவார். போன தடவை அதைச் சொன்னீர்களே என்றால், "நீ பொறந்தியா அப்ப?" என்பார்.

இந்தச் சண்டைகளைத்தான் எழுதினேன். சின்னப் புத்தகமாக வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். ஓர் இளம்பெண் வந்து இதைப் படமாக எடுக்கிறேன் என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். மரியாதையாகப் பேசினாள். "கதையில சின்னச் சின்ன சேஞ்ச் இருக்கும் ஆன்ட்டி, பரவாயில்லயா?" என்று கேட்டாள். படம் என்றால் இருக்கும்தானே. சரி என்றேன்.

படம் திரையிடப்பட்டது ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். அடுத்த புதன்கிழமை அண்ணிக்கு பைபாஸ். மூன்று இடத்தில் அடைப்பு என்று மருத்துவர் சொல்லி வெகு நாளாகியிருந்தது. தைப்பூசம் முடியட்டும் என்றார். பேரன் பரீட்சை முடியட்டும் என்றார். தீபாவளிக்குப் பலகாரம் யார் செய்வார்கள் என்றார். "நெஞ்சப் பொளந்து உள்ள கைய விடுவாங்களாம். எவனுக்குடி நான் நெஞ்சத் தொறந்து காட்டணும்?" என்று என்னோடு சண்டை போட்டார். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் பின்னால் நடப்பவள், எனக்குத் தெரியும். அவர் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி சில ஞாயிறுகளில் நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், அவர் முன்னால் இருக்கட்டும் என்று. எல்லோரும் சேர்ந்து கெஞ்சி, திட்டி, அவர் மகன் அழுது, ஒருவழியாகப் புதன்கிழமைக்குச் சம்மதித்திருந்தார்.

அந்த நிலையில்தான் படம் பார்க்கப் போனோம். அண்ணி, நான், என் கணவர்.

என் வேடத்தில் நடித்தவர் ஒல்லியாக இருந்தார். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் படத்தில் நாங்கள் சண்டை போடவே இல்லை. சூரியன் உதிக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அண்ணி ரப்பர் செருப்பைத் தவிர வேறு எதையும் காலில் மாட்டமாட்டார். படத்தில் வெள்ளைக் கேன்வாஸ் காலணி போட்டிருந்தார். இரண்டு பெண்களும் கடலைப் பார்த்து உட்கார்ந்து வாழ்க்கை என்றால் என்ன என்று பேசினார்கள். நாங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தபோது பேசியது மூட்டுவலித் தைலத்தைப் பற்றி. பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படத்து நாத்தனாருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனை. பச்சைத் தொப்பி போட்டுப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அடுத்த காட்சியில் சுவரில் படம், படத்துக்கு மாலை. கீழே அந்த வெள்ளைக் காலணி தனியாகக் கிடந்தது.

அரங்கமே உடைந்துபோய் அழுதது. எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பெண் விக்கி விக்கி அழுதார். ஒரு டிஷ்யூ பொட்டலம் வரிசை முழுக்கக் கைமாறிப் போய்த் திரும்பி அவரிடமே வந்தது. எங்கோ ஓர் ஆண் தொண்டையைச் செருமினார். என் கணவர் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். இனிப்புப் பாப்கார்ன்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார், அந்த மாலை போட்ட படத்தைப் பார்க்க முடியவில்லை என்று நினைத்தேன். யாருக்குத்தான் முடியும்? உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு நம் வீடுகளில் ஒரு முழம் பூகூட வைக்கமாட்டோம்.

விளக்கு போட்டதும் அந்த இளம்பெண் மேடையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் எழுந்தபோது அண்ணி என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"புதன்கெழம வரலன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

"அண்ணி, அது படம்."

"போய்ப் பேசிட்டு வா. கூப்பிடுறாங்க."

மாதக்கணக்காக நாங்கள் எல்லோரும் பேசிப் பேசி ஏற்படுத்திய சம்மதம் இரண்டு நிமிடக் காட்சியில் போய்விட்டது. அந்தக் கோபத்தோடு மேடையேறினேன்.

கேள்வி நேரம். கூட்டம் படத்தைப் புகழ்ந்தது. ஒருவர் ஒளிப்பதிவைப் பாராட்டினார். நடந்தால் மனக்காயம் ஆறும் என்று படம் சொல்கிறது, அப்படித்தானே என்று ஒரு பெண் கேட்டார். நடந்தால் சர்க்கரை குறையும் என்றேன். சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

அப்புறம் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் மைக்கை வாங்கினார். கண் சிவந்திருந்தது. "மேடம், உங்க நாத்தனார் எப்ப தவறுனாங்க? அந்த நேரத்துல நீங்க எப்படித் தாங்கிக்கிட்டீங்க?"

"அவங்க தவறல. அந்தா, மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. நீலக் கம்பளிச் சட்டை."

ஒரு மூலையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். தலைகள் திரும்பின. கைப்பேசிகள் உயர்ந்தன. அண்ணி எழவில்லை. கம்பளிச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். கைதட்டியவர்களில் சிலர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. மேடையில் நின்றதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் இன்னும் மைக்கைக் கொடுக்கவில்லை.

"அப்ப நாங்க இவ்வளவு நேரம் அழுதது?"

"அத என்னைக் கேட்டா? நானா அழச் சொன்னேன்?"

கூட்டம் மறுபடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ பழைய பொருளை அவர் தலையில் கட்டிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

மேடையிலிருந்து இறங்கும்போது அந்த இளம்பெண்ணை ஓரமாக நிறுத்தினேன். "ஏம்மா அவங்களச் சாகடிச்ச?"

"படம் முடியணும்ல ஆன்ட்டி. ரெண்டு பேரும் நடந்துக்கிட்டே இருந்தா எப்படி முடிக்கிறது?"

"அவங்களுக்குப் புதன்கெழம ஹார்ட் ஆபரேஷன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, சத்தியமா எனக்குத் தெரியாது." தெரிந்திருக்க வழியில்லை என்பதும் உண்மைதான். படம் எடுத்து முடித்த பிறகுதான் அடைப்பே தெரியவந்தது. ஆனாலும் அவள் வாங்கித் தந்த பூங்கொத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. என் கணவர் வாங்கிக்கொண்டார்.

பசிக்கிறது என்று அண்ணி சொன்னார். தேக்கா உணவங்காடிக்கு நடந்தோம். படம் பார்த்த கூட்டத்தில் பாதி அங்கேதான் இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம், மேசை கிடைப்பது கஷ்டம். கண்ணாடிக்காரர் பிரியாணி வரிசையில் நின்றபடி முன்னால் நிற்பவரிடம், "எனக்கு ஆட்டுக்கறி முடிஞ்சிறப் போவுது லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் அழுத பெண்ணும் வந்திருந்தார். ஒரு காலி மேசையைக் கண்டதும் பையிலிருந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்து இடம் பிடித்துவிட்டு, பரோட்டா வாங்கப் போனார். இந்த ஊரில் டிஷ்யூ வைத்த மேசையில் யாரும் உட்காரமாட்டார்கள். அண்ணி நேராகப் போய் உட்கார்ந்தார்.

"அண்ணி, அது அவங்க பிடிச்ச மேச."

"எனக்காக அழுத டிஷ்யூ இது. எனக்கும் இதுல பாத்தியத இருக்கு."

அந்தப் பெண் தட்டோடு திரும்பி வந்து அண்ணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கண் இமை இன்னும் வீங்கியிருந்தது.

"உக்காரும்மா. ஆறிடும், சாப்பிடு" என்றார் அண்ணி. அந்தப் பெண் உட்கார்ந்தார். "ரொம்ப அழுதியே. நான் அவ்வளவு நல்லவளா இருந்தேனா படத்துல?"

அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. நான் உங்களுக்காக அழல. எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. போன வருசம் தவறிட்டாங்க. அந்த மாதிரிதான், செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. எடுக்கவே மனசு வரல."

அண்ணி, என் கணவர் வாங்கி வந்து வைத்த பொரித்த மீனைப் பிய்த்துப் பாதியை அந்தப் பெண்ணின் தட்டில் வைத்தார். "உங்கம்மா எந்தப் பக்கம்? தஞ்சாவூரா?" என்று ஊர், உறவு விசாரிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார்கள். எனக்குக் கோபம் தணியவில்லை, ஆனால் சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஊட்ரம் பார்க் நிலையத்தில் ரயில் மாறினோம். என் கணவர் பூங்கொத்தோடு கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினார். அண்ணியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"நான் செத்தப்ப யார் யார் அழுறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

"அதுக்கா திரும்புனீங்க? நான் பயந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"பயமும்தான். ஆனா பாத்தேன். அத்தன பேரு அழுதாங்க. எனக்கே நெஞ்சு அடச்சிருச்சு. பரவாயில்ல, போனாலும் இவ்வளவு பேரு இருக்காங்கன்னு தோணுச்சு. கடசில பாத்தா ஒருத்திக்கு அவ அம்மா ஞாபகம். அந்தக் கண்ணாடிக்காரனுக்கு ஆட்டுக்கறி. நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் அவன் மூஞ்சியப் பாத்தியா? ஏமாத்திட்ட மாதிரி. இந்தா நிக்கிறான் பாரு, எங்கூடப் பொறந்தவன். அக்கா செத்துக் கெடக்கா, பாப்கார்ன் திங்கிறான். அதுவும் இனிப்பு."

என் கணவர் கண்ணைத் திறக்காமலே, "உப்பு தீந்துபோச்சுக்கா" என்றார்.

"நீ அழுதியாடி?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்க பக்கத்துல உக்காந்து முழங்கையால என்னை இடிச்சுக்கிட்டே இருந்தீங்க. கைப்பிடி முழுசும் உங்களுக்கே வேணும். எப்படி அழுவுறது?"

அண்ணி சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருந்தார். ஜூரோங் நெருங்கியபோது, கைப்பையை மடியில் நிமிர்த்திக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"பண்ணாத. அந்தக் கண்ணாடிக்காரனுக்காகவே பொழச்சு வரணும்."

இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவார்.

புதன்கிழமை போனார். பச்சைத் தொப்பியைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கதவு மூடியது. அந்த இடத்தில் படம் அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டது. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வாங்கிக் கொடுத்த ரொட்டியையும் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார். மருத்துவர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோதுதான் அழுதார். சத்தம் போட்டு அழுதார். இதை நான் அண்ணியிடம் தவறாமல் சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து வார்டு நடைபாதையில் அவரை நடக்க வைத்தார்கள். இருமினால் தையல் வலிக்கும் என்று சுருட்டிய துண்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒரு கையில் துண்டு. காலில் அவருடைய ரப்பர் செருப்பு, நான்தான் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். வழக்கம்போல நான் ஓர் அடி பின்னால் நின்றேன். அவர் நகரவில்லை. இன்னொரு கையை நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன். மெலிந்து, சில்லென்று இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. தாதியர் மேசை வரைக்கும் போய்த் திரும்பினோம். எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்கூடச் சண்டை வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்த பிறகும் அவர் கையை விடவில்லை.

"இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடாத" என்றார். "இன்னொரு படம் எடுத்துரும்."