கதவில் ஒட்டிய டேப்

மேனேஜருக்குப் பயந்து, தப்பு என்று தெரிந்தே ஒரு வேலையைச் செய்திருக்கிறீர்களா? நான் செய்தேன்.

டிப்ளோமா முடித்துவிட்டு, மலேசியாவில் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். புதிதாக வந்த மேனேஜருக்கு மெஷின் ஒரு நிமிடம் நின்றாலும் ஆகாது. “காலேஜ்ல தூங்கத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ் மெஷினின் கதவு லேசாகத் திறந்தாலே அது நின்றுவிடும். பாதுகாப்புக்குத்தான். அப்படி நின்றதற்கு ஒரே காலையில் மூன்று தடவை திட்டு வாங்கியதும், நான்காவது திட்டுக்குப் பயந்து கதவு சென்சார்மேல் காந்தத்தை வைத்து டேப் ஒட்டினேன். இனி கதவு திறந்தாலும் மெஷின் ஓடும். யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் ஒரு தகடு சிக்கியது. ஆபரேட்டர் மாலா அக்கா வழக்கம்போல் கதவைத் திறந்து கையை விட்டார். பிரஸ் இறங்கியது. கையுறையின் நுனி மட்டும் போனது.

“கதவ தொறந்தா நிக்கும் லா தம்பி, இன்னிக்கு ஏன் நிக்கல?” என்றார், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

உண்மையைச் சொல்லி, டேப்பையும் காந்தத்தையும் பிய்த்து எடுத்தேன். அக்கா திட்டவே இல்லை. பிரஸ் இறங்கும் ஒவ்வொரு சத்தத்திலும் அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது.

இப்போதெல்லாம் கதவைச் சோதிக்காமல் மெஷினை ஓட விடுவதில்லை. இன்றைக்கு சென்சாரில் கோளாறு. மெஷினை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். மேனேஜர் வந்துகொண்டிருக்கிறார்.